ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துப் பில்கீஸ்

மக்தப் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தியின் தந்தை என்னைத் தேடி வந்தார். ஸலாம் சொல்லி அமர்ந்தவர் சற்று நேரம் தயங்கினார்.

"ஹஜரத், மகளைப் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நன்றாக ஆடுகிறாளாம். ஆனால் முக்காட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஆட வேண்டுமாம். கழற்ற மாட்டேன் என்றும் அழுகிறாள், ஆடாமல் இருக்க மாட்டேன் என்றும் அழுகிறாள். நான் என்ன செய்யட்டும்?"

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்தப் பிள்ளை இரண்டையும் கேட்டாள் என்பதே என் உள்ளத்தைத் தைத்தது. நாமோ பெண்மக்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது மற்றொன்றைப் பறித்துக்கொண்டே பழகிவிட்டோம். முற்றத்தில் ஓடியாடிய சிறுமி பருவமெய்தியதும் ஓட்டம் நின்றுவிடுகிறது. யாரும் தடைச்சட்டம் போடுவதில்லை, தானாகவே நின்றுவிடுகிறது.

அன்று அவரிடம் ஒரு பெண்ணின் வரலாற்றை அரைகுறையாகச் சொன்னேன். அதனை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பந்து பிறந்த ஊர்

அமெரிக்க நாட்டின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ் மாநிலம் உள்ளது. அதன் மேற்குப் பகுதியில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் நகரம் இருக்கிறது. கூடைப்பந்து விளையாட்டு பிறந்தது இங்கேதான். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், வெளியே பனி கொட்டிக் கிடந்தபோது, கூடத்திற்குள்ளேயே மாணவர்களை ஆடச் செய்யும் பொருட்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா நாட்டு உடற்பயிற்சி ஆசிரியர் புதியதோர் ஆட்டத்தை வகுத்தார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அன்று மாட்டிய அந்தப் பத்தடி உயரம் இன்று வரை மாறவில்லை.

அடுத்த சில மாதங்களிலேயே, அருகிலுள்ள நார்த்தாம்ப்டன் ஊரின் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை இவ்வாட்டத்தைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893இல் அங்கே நடந்த முதல் போட்டியின்போது ஆடவர் எவரையும் உள்ளே விடவில்லை. பெண்கள் ஆடுமிடத்தில் ஆண்கள் பார்வையாளராக இருக்கலாகாது என்ற ஏற்பாடு கீழை நாட்டார் மட்டுமே கண்டது என்று எண்ணுவோர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில், 1990ஆம் ஆண்டில், ஓர் ஆப்பிரிக்க-அமெரிக்க முஸ்லிம் குடும்பத்தின் எட்டு மக்களில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் பில்கீஸ் அப்துல் காதிர். ஸபா நாட்டு அரசியின் பெயராக நம் இல்லங்களிலும் வழங்கும் பெயர்தான். கூடைப்பந்தின் புகழ்பெற்றோர் அருங்காட்சியகமும் அந்நகரில்தான் இருக்கிறது. அவ்வூர்ப் பிள்ளைகளின் கைகளில் பந்து தவழ்வதில் வியப்பில்லை. ஆயினும் கடைக்குட்டிக்கு ஒரு நன்மை உண்டு. மூத்தவர்களோடு மல்லுக்கட்டித்தான் அவர் பந்தைத் தொட முடியும். நம் வீடுகளிலும் கடைசிப் பிள்ளை பேச்சில் கெட்டியாக இருப்பது இக்காரணம் பற்றியே.

மூவாயிரத்து எழுபது

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்நிலைப் பள்ளிக் கல்வி. நியூ லீடர்ஷிப் சார்ட்டர் பள்ளியில் பயின்ற பில்கீஸோ எட்டாம் வகுப்பிலேயே மூத்த மாணவியரின் குழுவில் இடம்பெற்றுவிட்டார். அப்பொழுது எல்லாச் சிறுமியரையும் போல் அரைக்கைச் சட்டையும் கால்சட்டையும்தான் அவர் உடை.

ஒன்பதாம் வகுப்பில் நிலைமை மாறியது. பருவமெய்திய பெண் தலையையும் உடலையும் மறைத்துக்கொள்வது அவர் குடும்பத்தின் வழக்கம். குழுவின் சீருடைக்கு உள்ளே முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை இறுகிய காலுறை, தலையில் கட்டிய ஹிஜாப் என்று அவர் களத்தில் இறங்கினார். சென்ற ஆண்டு பார்த்த அதே பெண்ணை இந்த ஆண்டு ஊரார் வேறு கண்கொண்டு பார்த்தனர். 2001 செப்டம்பர் நிகழ்வுகளுக்குப் பின் சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. பார்வையாளர் வரிசையிலிருந்து தம்மைப் பயங்கரவாதி என்று கூவியவர்களும் இருந்தனர் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். பதினான்கு வயதுப் பிள்ளை பந்தையும் தட்டிக்கொண்டு இந்தச் சொல்லையும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இவ்விளையாட்டில் புள்ளி சேரும் முறையை அறியாத சகோதரிகளுக்காக ஒரு சொல். வளையத்துக்குள் பந்து விழுந்தால் இரண்டு புள்ளி. வளைகோட்டுக்கு வெளியே வெகு தொலைவிலிருந்து எறிந்து விழச் செய்தால் மூன்று. எதிரணியார் தவறு செய்ததற்காகத் தரப்படும் தனி எறிதலுக்கு ஒன்று. இப்படி ஒன்றும் இரண்டும் மூன்றுமாகச் சேர்த்து, 2009இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது பில்கீஸ் குவித்திருந்தவை 3,070 புள்ளிகள். எட்டாம் வகுப்பிலிருந்து கணக்கிட்டால் ஐந்து பருவங்கள். ஆண்டுக்குச் சராசரி 614. அம்மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் மூவாயிரத்தைத் தொட்டவர் அதுவரை ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை.

அவர் முறியடித்த சாதனை எவருடையது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அண்மையிலுள்ள சவுத்விக் ஊரைச் சேர்ந்த ரெபெக்கா லோபோ, 1991இல் பள்ளியை முடித்தபோது 2,710 புள்ளிகள் எடுத்திருந்தார். பின்னர் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி 1995இல் ஒரு போட்டியிலும் தோற்காமல் தேசிய வாகையர் பட்டம் பெற்றதற்கு முன்னணியில் நின்றவர். 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தவர். லோபோவின் உயரம் ஆறடி நான்கு அங்குலம். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் அசையாதிருந்த அந்தக் கணக்கைத் தாண்டிய பில்கீஸுக்கோ ஐந்தடி ஐந்தங்குலம்கூட இல்லை!

உயரம் குறைந்தவர் இவ்விளையாட்டில் செய்யக்கூடியது பாயிண்ட் கார்டு என்னும் பணி. பந்தைத் தரையில் தட்டியபடி களத்தைக் கடந்து, எவருக்கு எப்போது தருவது என்று முடிவு செய்பவர் அவரே. நெட்டை மரங்களாய் நிற்கும் எதிரணியினரின் கைகளுக்கு இடையில் நுழைந்து பந்தைப் போட வேண்டும். அல்லது அவர்கள் கை எட்டுவதற்குள் தொலைவிலிருந்தே எறிந்துவிட வேண்டும். உடல் தராததைக் கணக்கும் கால் வேகமும் தருகின்றன. அவர் படிப்பிலும் சிறந்த மாணவியாக விளங்கினார் என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்கிறேன். விளையாடுகிற பிள்ளை படிக்காது என்பது நம்மவரின் அசைக்க முடியாத நம்பிக்கைகளுள் ஒன்று.

2009 செப்டம்பர் 1ஆம் நாள், ரமளானில், வெள்ளை மாளிகையில் அன்றைய குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா அளித்த இஃப்தார் விருந்துக்குப் பில்கீஸும் அழைக்கப்பட்டிருந்தார். தம் உரையின் நடுவே ஒபாமா அவரை எழுந்து நிற்கச் சொல்லி, அவருடைய உயரத்தை நகைச்சுவையாகக் குறிப்பிட்டு, முஸ்லிம் சிறுமியருக்கு மட்டுமன்றி நம் அனைவருக்குமே இவர் ஓர் ஊக்கம் என்று பாராட்டினார். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். எனினும் விருந்துக் கூடத்தில் எழுந்து நிற்பது எளிது. அடுத்து அவர் போய் நின்ற இடம் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

மெம்ஃபிஸ்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகத்தில் மூன்று பிரிவுகள் உண்டு. முதற்பிரிவே மிக உயர்ந்தது. அதில் ஆடத் தகுதியானவர்க்குக் கல்லூரியே படிப்புச் செலவு, தங்குமிடம், உணவு அனைத்தையும் ஏற்றுக்கொள்ளும். அக்காலத்தில் ஒரு பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்கு இத்தகைய உதவித்தொகைகள் 15தாம். நாடு முழுவதிலும் பள்ளிகளில் ஆடும் இலட்சக்கணக்கான சிறுமியரில் மிகச் சிலருக்கே அது வாய்க்கும். அதனால்தான் அங்கே பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போவது வெறும் படியேற்றமாக இல்லாமல் ஒரு சல்லடையாக இருக்கிறது.

டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள மெம்ஃபிஸ் பல்கலைக்கழகம் பில்கீஸை அழைத்தது. பிறந்த ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நாட்டின் தென்பகுதியில், முஸ்லிம்கள் சிறுதொகையினராக வாழும் ஊர். பதினெட்டு வயது மகளைத் தனியே அவ்வளவு தொலைவு அனுப்ப அவருடைய பெற்றோர் இசைந்தார்கள். என் மகளாக இருந்தால் நான் இசைந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். நேர்மையான விடை, தெரியவில்லை என்பதே.

போன சில வாரங்களிலேயே சோதனை வந்தது. பருவம் தொடங்குமுன் பயிற்சியில் முழங்காலின் உட்புற இணைப்புநார் அறுந்துபோனது. தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் பிணைக்கும் இந்த நார் கூடைப்பந்து ஆடுவோருக்கு அடிக்கடி அறுகிறது. ஓடிய வேகத்தில் சட்டென நின்று திரும்பும்போது முழுச் சுமையும் அதன்மீதே விழுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது மிகுதி என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அறுவை செய்து, பின் மாதக்கணக்கில் காலை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். மூவாயிரம் புள்ளி எடுத்த பெண், அவ்வாண்டு முழுவதும் கட்டோடு ஓரத்தில் அமர்ந்து பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2010ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் களமிறங்கியபோது, முதற்பிரிவின் வரலாற்றிலேயே ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் வீராங்கனை என்ற பெயர் அவரைச் சேர்ந்தது. 2011இல் அமெரிக்கக் கூடைப்பந்து எழுத்தாளர் சங்கம் துணிவுக்கான தன் விருதை அவருக்கு வழங்கியது.

ஆனால் வாசகர்கள் ஒன்றை உணர வேண்டும். பள்ளியில் வாரிக் குவித்ததைப் போல் மெம்ஃபிஸில் புள்ளிகள் குவியவில்லை. அங்கே உள்ள ஒவ்வொருத்தியும் தத்தம் ஊரில் முதல்வராக இருந்தவர். ஊர்க் குளத்துக் கெண்டை ஆற்றுக்கு வந்த கதைதான். சில நிமிடங்கள் ஆடி, பல நிமிடங்கள் காத்திருக்கும் நிலையை அவர் ஏற்றுக்கொண்டார். நான் இவ்வரலாற்றில் மிகவும் மதிப்பது 3,070 என்ற எண்ணையன்று, அந்தக் காத்திருப்பையே. ஓடியாடிப் பாராட்டுப் பெற்ற பிள்ளை ஓரத்தில் அமர்ந்த பிறகும் மனம் ஒடியாமல் பாடநூலைத் திறந்தாளே, அதைச் சொல்கிறேன். 2013இல் உடற்பயிற்சி அறிவியலில் உயர்தகுதியோடு பட்டம் பெற்றார்.

காயத்தால் இழந்த ஆண்டைக் கழகம் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே இன்னும் ஒரு பருவம் ஆடும் உரிமை அவரிடம் மிச்சமிருந்தது. அதனோடு இண்டியானா மாநிலத்தின் டெர்ரஹோட் நகரிலுள்ள இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குச் சென்றார். 2013-14 பருவத்தில் அவ்வணியின் முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவராக ஆடினார்.

உள்ளே இருப்பதும் வெளியே தெரிவதும்

கூடைப்பந்தில் முஸ்லிம்கள் புதியவர்கள் அல்லர். கரீம் அப்துல் ஜப்பார் கல்லூரியில் பயிலும் காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவியவர். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து ஹகீம் உலாஜுவான் 1995 பிப்ரவரியில் ரமளான் நோன்பு நோற்றவாறே ஆடி, அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். ஆனால் நோன்பு உள்ளே இருப்பது. சொன்னாலன்றி எவருக்கும் தெரியாது. முக்காடு வெளியே தெரிவது. பெண் தன் மார்க்கத்தை முகப்பிலேயே எழுதிக்கொண்டு களத்துக்கு வருகிறாள். ஏச்சும் அவளுக்கே முதலில் வருகிறது.

அந்நிய ஆடவரும் பார்க்கும் திடலில் பெண் ஆடலாமா என்று சிலர் என்னைக் கேட்கக்கூடும். இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இறுக்கிப் பிடிப்போரும் இருக்கின்றனர், உடையின் ஒழுங்கும் சூழலின் ஒழுங்கும் பேணப்பட்டால் இசைவோரும் இருக்கின்றனர். நான் முஃப்தி அல்லன். மக்தபில் பாடம் சொல்பவன். ஆயினும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடி முதலில் வென்றதையும், பின்னொரு நாள் பெருமானார் வென்றதையும் அபூதாவூத் தொகுப்பில் வாசித்த நாம், ஓடுவதே பெண்மைக்கு இழுக்கு என்பது போல் பேசுவதற்கு இடமில்லை. உடை பற்றிய கேள்வி வேறு, ஓட்டம் பற்றிய கேள்வி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டு, பிள்ளையை வீட்டு மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம்.

ஐந்து சென்டிமீட்டர்

கல்லூரி முடிந்ததும் ஐரோப்பாவில் தொழில்முறை ஆட்டக்காரராக விரும்பினார் பில்கீஸ். அங்கேதான் கதவு அடைபட்டது. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதி தலையில் எந்த அணியையும் அனுமதிக்கவில்லை. ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத வியர்வைப் பட்டை மட்டுமே விலக்கு. காயம் நேராதிருக்கவே இவ்விதி என்றனர். பள்ளியில் நான்கு பருவமும் கல்லூரியில் நான்கு பருவமும் எவர்க்கும் கேடு செய்யாத துணி, கடல் கடந்ததும் ஆபத்தானதாகிவிட்டது.

பாதிக்கப்பட்டவர் முஸ்லிம் பெண்கள் மட்டுமல்லர். 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் நம் இந்திய அணியின் சீக்கிய வீரர்கள் இருவரைத் தலைப்பாகையைக் கழற்றிய பின்பே ஆட விட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டில், ஹிஜாபுடன் ஆட அனுமதி மறுக்கப்பட்டதால் கத்தார் பெண்கள் அணி போட்டியிலிருந்தே விலகியது.

பில்கீஸும், போஸ்னிய வழிவந்த இந்திரா கால்ஜோ போன்ற பிற வீராங்கனைகளும் விதியை மாற்றக் கோரிக் குரல் எழுப்பினர். கையெழுத்துத் திரட்டினர். கூட்டமைப்பு முதலில் உள்நாட்டுப் போட்டிகளில் சோதனை முறையில் இசைவளித்தது. அந்தக் காத்திருப்பின் நாட்களில், ஹிஜாபைக் கழற்றிவிட்டுப் போய்விடலாமா என்ற எண்ணம் தமக்கும் வந்தது என்று பில்கீஸ் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆட்டம்தான் தாமா, மார்க்கம்தான் தாமா என்று தடுமாறினாராம். இப்படி ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்போது நாம் புருவத்தை உயர்த்தக் கூடாது. தடுமாறாதவர்க்கு உறுதி எதற்கு? இறுதியில் அவர் கழற்றவில்லை.

2017 மே மாதம் ஹாங்காங் மாநாட்டில் விதி மாற்றப்பட்டது. அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குள் மூன்றாண்டுகள் கழிந்துவிட்டன. ஓட்டக்காரரின் வாழ்வில் இருபத்துமூன்றுக்கும் இருபத்தாறுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் திரும்ப வருவன அல்ல. பில்கீஸ் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்லவில்லை. மெம்ஃபிஸில் இஸ்லாமியப் பள்ளியொன்றில் விளையாட்டுப் பொறுப்பேற்றார், மணம் முடித்தார், கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். முஸ்லிம் சிறுமியருக்குக் கூடைப்பந்து முகாம்கள் நடத்தினார். அவர் வரலாற்றை 2018இல் ஓர் ஆவணப்படமாகவும் எடுத்திருக்கின்றனர்.

அந்த மாணவியின் தந்தை மறுவாரம் மீண்டும் வந்தார். ஃபீபாவின் புதிய விதியைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்: தலையணி கறுப்பாகவோ வெள்ளையாகவோ குழுச் சட்டையின் முதன்மை நிறத்திலோ இருக்கலாம், முகத்தை மறைக்கக் கூடாது, முகத்தையும் கழுத்தையும் சுற்றிப் பின்னோ பொத்தானோ கூடாது, தொங்கும் முனைகள் இருக்கக் கூடாது. அவர் அதைக் கொண்டுபோய் உடற்பயிற்சி ஆசிரியரிடம் காட்டினார். ஆசிரியர் இருமுறை படித்துவிட்டு, "எனக்கு இது தெரியாது, பாய். குழுச் சட்டை நீலம். நீலத்திலேயே தைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்" என்றாராம்.

பிள்ளையின் உம்மா பனியன் துணி வாங்கித் தாமே தைத்தார். முதலில் தைத்தது, ஓடும்போது கண்ணுக்கு இறங்கிவிட்டது. அதைப் பிரித்து, நெற்றிப் பகுதியில் எலாஸ்டிக் கொடுத்து வேறொன்று தைத்தார். அது நிற்கிறதாம்.

வரும் சனிக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஆட்டம். அன்று மட்டும் மக்தபுக்கு அரைமணி தாமதமாக வர அனுமதி கேட்டிருக்கிறாள். கொடுத்திருக்கிறேன்.